டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, இடுப்பில் தம்பி: பத்து வயசுப் பெண்ணை எப்படிப் பள்ளியில் சேர்ப்பது?

ஒலவக்கோடு ஜெராக்ஸ் எழுதியது:

வணக்கம். பாலக்காடு ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், ஓரமாக ஒரு பாட்டிலில் கடலை மிட்டாய். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் ஒரு காலனி. நாற்பது, ஐம்பது வீடு இருக்கும். பாதி ஓடு, பாதி தார்ப்பாய். பெரும்பாலும் நம் ஆட்கள்தான். பொள்ளாச்சி, உடுமலை, பழனி பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் வீட்டு ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் என் மெஷின் கண்ணாடியில் ஒருமுறையாவது குப்புறப் படுத்து எழுந்தவை. யார் வீட்டில் எந்தக் காகிதம் இல்லை என்பது எனக்கு அத்துப்படி.

மூன்று வாரமாக, பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் பிள்ளை கடை வாசலில் வந்து நிற்கிறாள். பத்து வயசு. இடுப்பில் ஒன்றரை வயசுத் தம்பி. ஒரு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கி அவனுக்குப் பொடித்து ஊட்டிக்கொண்டே மேசையில் கிடக்கிற தமிழ்க் காகிதத்தை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஒரு நாள், "மாமா, வாரிசுன்னா என்ன?" என்றாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன வாரிசுச் சான்றிதழ். இவ்வளவு படிக்கத் தெரிந்த பிள்ளை பதினொரு மணிக்கு என் கடையில் என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக இதே மாதிரிப் பிள்ளைகள் இதே வாசலில் நின்றிருக்கிறார்கள். ஒருத்தரையும் நான் கேட்டதில்லை.

விசாரித்தேன். ஊரில் யூனியன் பள்ளியில் மூன்றாவது முடித்து நாலாவதில் இருந்தவள். போன தீபாவளி கழிந்து குடும்பம் இங்கே வந்துவிட்டது. அப்பா பழைய இரும்புக் கடையில் வேலை (இங்கே ஆக்ரிக்கடை என்போம்). அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார், முகூர்த்தம் இல்லாத நாளில் வீட்டு வேலை. விடியற்காலை போனால் மதியத்துக்கு மேல்தான் வருவார். தம்பி இவளிடம்.

அம்மாவுக்கு வேலை இல்லாத ஒரு நாள் பார்த்துக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போனேன். பள்ளிப் பெயர் வேண்டாம். எச்.எம். மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போடச் சொன்னார். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்டார். இல்லை. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் பெயர்க் கட்டம் காலி. ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பதிந்தது. பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. ஆதாரில் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி ஜனவரி 1 என்று யாரோ அடித்துவிட்டார்கள். சான்றிதழில் ஆகஸ்ட். அவர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதிலேதா குட்டி?" என்றார். இதில் எது இந்தப் பிள்ளை என்று. கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

பிள்ளை அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில், டி.சி. வாங்கி, காகிதத்தை எல்லாம் சரிசெய்துகொண்டு அடுத்த ஜூனில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பழைய பள்ளிக்குப் போன் செய்தேன். அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் டி.சி. தருவார்களாம். அதற்கு ஒரு நாள் கூலி போகும், போக வர பஸ் காசு, கைக்குழந்தை வேறு. ஆனால் அவர்கள் கேட்பதும் நியாயமாகத்தான் தெரிகிறது. இதற்கிடையில் அந்தப் பள்ளியின் எமிஸ் பதிவில் (தமிழ்நாட்டில் மாணவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்றுவது) அவள் பெயர் இன்னும் இருக்கிறதாம். அதாவது தமிழ்நாட்டுக் கணக்கில் அவள் பள்ளிக்குப் போகிற பிள்ளை, கேரளக் கணக்கில் பிறக்கவே இல்லை.

யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எல்லாரும் சரியாகத்தான் பேசுகிறார்கள், பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கிறாள்.

டி.சி. இல்லாமல் சேர்க்க வழி உண்டா? மலையாளம் ஓர் எழுத்தும் தெரியாதவளை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

----

சித்தூர் டீச்சர் எழுதியது:

தம்பி, சித்தூர் என்றதும் ஆந்திராவைத் தேட வேண்டாம், பாலக்காட்டுச் சித்தூர்தான். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவள்.

முதலில் சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆறு முதல் பதினாலு வயசு வரை. அதில் 5-ஆம் பிரிவை நன்றாகப் படியுங்கள். மாநிலத்துக்குள்ளேயோ வேறு மாநிலத்துக்கோ பள்ளி மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு. டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது. பழைய பள்ளித் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. 14-ஆம் பிரிவு: வயசுக்கு ஆதாரம் இல்லை என்று மறுக்கக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி அம்மா எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும். 15-ஆம் பிரிவு: சேர்க்கை நாள் முடிந்துவிட்டது என்றும் சொல்லக் கூடாது. ஆகையால் அடுத்த ஜூன் என்ற பேச்சே இல்லை. ஆதாரைப் பொறுத்தவரை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, பள்ளிச் சேர்க்கைக்கு அது கட்டாயம் இல்லை.

இதெல்லாம் அந்த எச்.எம்.முக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகத் தெரியும். அவர் கஷ்டம் வேறு. எங்கள் மாநிலத்தில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள் அன்று தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் என்று முடிவாகும். அந்தக் கணக்குக்கு ஆதார் எண்ணும் கேட்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்தது எனக்கல்லவா தெரியும்! ஒரு பிள்ளை குறைந்தாலும், என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்குப் போஸ்ட் போகும். ஆறாம் நாள் காலையில் காய்ச்சலோடு வந்த பிள்ளைகளை மடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதே பிள்ளை ஜூலையில் ஆதாரும் இல்லாமல் வந்தால் பள்ளிக்கு ஒரு லாபமும் இல்லை, வேலைதான் கூடுதல். வாயால் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். டி.சி. என்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு வெள்ளைத்தாளில் அம்மா பெயரில் மனு. பிரிவு எண்களைப் போட்டு, "சேர்க்க முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தரவும்" என்று கடைசி வரி. ஒரு நகல் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீசுக்கு, ஒன்று பி.ஆர்.சி.க்கு (வட்டார வள மையம்). எழுத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். சண்டை போடாதீர்கள், அவள் தினமும் போய் உட்கார வேண்டிய இடம் அது.

வகுப்பு வயசுக்கு ஏற்றதுதான், அதாவது ஐந்தாவது. விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இனி மொழி. பேச்சு மூன்று மாதத்தில் வந்துவிடும், தெருவே கற்றுக்கொடுக்கும். எழுத்துதான் வதைக்கும். நமக்கு ஒரே க. மலையாளத்தில் அந்த இடத்தில் நாலு எழுத்து. பிள்ளை காதில் நாலும் ஒன்றாகவே விழும், கேட்டெழுதும்போது நாலும் தப்பாகும். டீச்சர் மந்தம் என்று எழுதிவிடுவார். கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகூட, கேள்வி வாக்கியமாக வந்தால் பேனாவை வைத்துவிடும். டவுன் பள்ளியில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பையன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். டீச்சர் தொட்டுப் பார்த்து "பனியாணோ?" என்று கேட்டார். காய்ச்சலா என்று அர்த்தம். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இல்ல டீச்சர், வெயில்" என்றான். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை.

அரசியல் சட்டத்தின் 350ஏ, தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. எங்கள் சித்தூர் தாலூகாவில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் ஒலவக்கோட்டிலிருந்து தினமும் இங்கே வந்துபோக ஒரு பத்து வயசுப் பெண்ணால் ஆகுமா? பக்கத்துப் பள்ளியிலேயே சேருங்கள். வீட்டில் தமிழ்ப் பாடப்புத்தகத்தை மூட விடாதீர்கள், அது நின்றால் இரண்டு மொழியும் நிலைக்காது.

பெயர் சேர்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். பிறப்பைப் பதிந்த இடத்தில்தான் செய்ய முடியும், பதினைந்து வயசு வரை சட்டம் இடம் தருகிறது. தம்பியின் சான்றிதழையும் இப்போதே பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அக்காவைப்போல் காகிதம் இல்லாமல் சேர்ப்பது தம்பிக்குச் சுலபமாக இருக்காது.

----

வாளையார் டிரைவர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் பெத்தவங்களுக்கு அக்கறை இருந்தா பிள்ளை ஏன் வீட்டில் இருக்கு? பழைய இரும்புக் கடையில் நாளுக்கு எண்ணூறு, ஆயிரம் வரும். சாயங்காலம் எங்கே போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஃபீஸ் இல்ல, புக் சும்மா, யூனிஃபார்ம் சும்மா, மதியம் சோறு. இதுக்கு மேல சர்க்கார் என்னதான் செய்யணும்? நான் லாரி ஓட்டித்தான் ரெண்டு பசங்களைப் படிக்க வைக்கிறேன்.

----

ஒலவக்கோடு ஜெராக்ஸ் எழுதியது:

டீச்சரம்மா, மனுவை இன்றைக்கே டைப் அடித்துவிட்டேன். ஆறாம் நாள் கதை இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாது. என் கடைக்கு ஜூன் முதல் வாரத்தில் டீச்சர்கள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஓடி வருவது ஏன் என்று இப்போது புரிகிறது.

டிரைவர் அண்ணே, அந்த அப்பா குடிக்கிறார். மறைக்கவில்லை. எண்ணூறு தினமும் வருவதில்லை, வருகிற நாளில் பாதி போகிறது. ஆனால் அவர் குடிப்பதை நிறுத்தினாலும் காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒருமுறை நின்று பாருங்கள், நான் போய்ப் பார்த்தேன்.

காலனிக்கு ஒரே குழாய். தண்ணீர் ஒன்பதுக்கு வரும், சில நாள் ஒன்பதரை. முக்கால் மணி நேரம் வரும். அம்மா ஐந்தரைக்கே வேலைக்குப் போயாயிற்று, அப்பா ஏழுக்கு. குடத்தை வரிசையில் வைத்தால் மட்டும் போதாது, ஆள் நிற்க வேண்டும், இல்லையென்றால் குடம் ஓரமாகப் போய்விடும். இவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நாலு குடம். பள்ளி மணி பத்துக்கு முன்பே அடித்துவிடும். அந்த வரிசையில் பெரியவர்கள் ஆறு பேர் இருந்தால் பிள்ளைகள் பதினைந்து பேர்.

தம்பியை அங்கன்வாடியில் விடலாம் என்று நினைத்தேன். மூன்று வயசு முடிந்தால்தான் அங்கே உட்கார வைப்பார்கள். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு அம்ருதம் பொடி (சத்துமாவு) பாக்கெட் கொடுத்து அனுப்புவார்கள், குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். பொடியை வாங்கி வருவதும் இவள்தான்.

உங்கள் பையன்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அண்ணி இருக்கிறார்கள் இல்லையா? அந்த வீட்டில் அண்ணி இடத்தில் இந்தப் பத்து வயசுப் பிள்ளைதான் இருக்கிறது.

இன்னொன்று. நேற்று அவளிடம், ஊர்ப் பள்ளியில் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். நான் பாடம், டீச்சர், விளையாட்டு என்று ஏதாவது எதிர்பார்த்தேன். "திங்கக்கிழமை உப்புமா" என்றாள். தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டி 2023-லிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் இருக்கிறது. அம்மா அடுப்பு மூட்டாமலே வேலைக்குப் போகலாம், பிள்ளை பள்ளியில் போய்ச் சாப்பிடும். இங்கே அவள் சேரப்போகும் பள்ளியில் மதியச் சோறு மட்டும்தான்.

----

நகரிக்காரி எழுதியது:

டீச்சரம்மா சொன்ன அந்த இன்னொரு சித்தூர் நான்தான். ஆந்திராவின் சித்தூர் மாவட்டம், நகரி. திருத்தணி எங்களுக்குக் கூப்பிடு தூரம். விசைத்தறி ஊர். வீடு வேறு, தறி வேறு இல்லை. தறிக்குப் பக்கத்திலேயே தொட்டில் ஆடும். அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிய குழந்தை, கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழும்.

நானும் பள்ளி போகாமல் போகிற வரிசையில் நின்றவள்தான். காலையில் தார் (தறிக்கு வேண்டிய ஊடை நூல்) சுற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நான் நிறுத்தினால் அப்பாவின் தறி நிற்கும். பத்து மணிக்குப் போய் வாசலில் நிற்பேன். ஒரு வேடிக்கை சொல்லட்டுமா, எங்கள் வகுப்பு நிரம்பி வழிகிற நாள் எதுவென்றால் பகலில் கரண்ட் கட் ஆகிற நாள். சார் உள்ளே வந்து தலைகளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கரண்ட் இல்லையா?" என்பார்.

2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பதினாலு வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள், நல்லது. ஆனால் பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். எங்கள் ஊரில் எல்லாமே வீட்டுத் தொழில்தான், அண்ணா. பள்ளி நேரம் எது, தறி நேரம் எது என்று யார் வந்து பார்ப்பது?

ஐந்தாவது வரை தமிழில் படித்தேன், ஆறாவதிலிருந்து தெலுங்கு. முதல் வருஷம் முழுக்க ஊமையாக இருந்தேன் என்றே சொல்லலாம். கிண்டல் செய்த பிள்ளைகளை நான் மறந்துவிட்டேன். ஒரு டீச்சரை மறக்கவில்லை. புத்தூர்க்காரர், மதியம் சாப்பிடும்போது மட்டும் எங்களோடு தமிழில் பேசுவார். அந்த அரை மணி நேரத்துக்காகவே போனேன்.

பணம் கொடுத்தால் வருவார்கள் என்பவர்களுக்கு: எங்கள் மாநிலத்தில் 2020 ஜனவரியில் அம்ம ஒடி தொடங்கியது. பள்ளிக்கு அனுப்பும் அம்மாவுக்கு வருஷம் 15,000 ரூபாய் என்றார்கள், 75 சதவீதம் வருகை வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. என் அத்தை மகள் அந்தப் பணத்தை நம்பிப் பிள்ளையைத் தறியிலிருந்து எடுத்தாள், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் பக்கத்து வீட்டுக்காரி திருத்தணியிலிருந்து கல்யாணமாகி வந்தவள், ரேஷன் கார்டு இன்னும் அந்தப் பக்கம். அவளுக்கு வரவில்லை. ஒரே சுவர், ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. எல்லையில் இருக்கிற நமக்கு இரண்டு சர்க்காரும் உண்டு என்பார்கள். காகிதத்தோடு போய் நின்றால் இரண்டும் அந்தப் பக்கம் போ என்கின்றன.

பிள்ளைக்குப் பத்து வயசு என்றீர்கள். இன்னும் இரண்டு வருஷத்தில் வேறொரு கேள்வி வரும். அந்தப் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். நீங்கள் ஆண், கேட்கக் கூச்சமாக இருந்தால் அவள் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். என்னோடு ஐந்தாவது வரை வந்த பெண்களில் சிலர் வராமல் போனதற்கு அது ஒன்றே காரணம். பெரியவர்கள் அதை வயசுக்கு வந்துட்டா என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

----

ஒலவக்கோடு ஜெராக்ஸ் எழுதியது:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன்.

மனுவை எடுத்துக்கொண்டு போனோம். டீச்சரம்மா சொன்ன கடைசி வரியை எச்.எம். இரண்டு முறை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆரு எழுதித்தன்னு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரித்தார். அம்மாவிடம் வயசுக்கு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். ஏ.இ.ஓ. ஆபீஸ் வரை போகவே வேண்டியிருக்கவில்லை. பி.ஆர்.சி.யிலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வந்து மலையாள எழுத்துச் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்த பிறகு எழுதுகிறேன். கழிப்பறையை அம்மா போய்ப் பார்த்தார். தண்ணீர் வருகிறது, இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆக்ரிக்கடையிலிருந்து ஒரு தாழ்ப்பாள் கொண்டுவந்து அப்பாவே அடித்துக் கொடுத்தார். டிரைவர் அண்ணனுக்காக இதைச் சொல்கிறேன்.

எஸ்.சி. சலுகை இங்கே கிடைக்குமா என்று அம்மா கேட்டார். குடும்பம் 1950-க்கு முன்பே கேரளத்தில் இருந்திருந்தால்தான் இங்கே கிடைக்கும், பின்னால் வந்தவர்களுக்குச் சொந்த மாநிலத்தில்தான். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இந்தப் பதிலை வருஷத்துக்கு ஐம்பது பேருக்காவது சொல்கிறேன்.

இரண்டாவது மாநிலத்தில் இப்போது அவளுக்கு ஒரு நம்பர் கிடைத்துவிட்டது. ஆனால் பள்ளிக்குப் போனது முதல் வாரத்தில் மூன்று நாள்தான். திங்கள், செவ்வாய் அம்மா லீவு போட்டார். புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பாட்டி தம்பியைப் பார்த்துக்கொண்டார், வியாழன் பாட்டிக்கு முடியவில்லை. வியாழன் பதினொரு மணிக்குப் புது யூனிஃபார்மில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். யூனிஃபார்ம் எதற்கு என்று கேட்டேன். "அவன் தூங்கிட்டா ஓடிடலாம்னு" என்றாள். தூங்கவில்லை. வெள்ளியும் அப்படியே.

தண்ணீர் விஷயமாகக் கவுன்சிலரைப் பார்த்தேன், நேரத்தை மாற்றப் பேசுவதாகச் சொன்னார். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பாலக்காடு நகரசபை எல்லைக்குள், ஒலவக்கோட்டுக்கு நடந்து போகும் தூரத்தில், ஒன்றரை வயசுக் குழந்தையைக் காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை வைத்துக்கொள்ளும் இடம், நாளுக்கு இருபது, முப்பது ரூபாய்க்குள், யாருக்காவது தெரியுமா?